இறவாணத்துத் துளைகள்

ஜூலை மாதம் டல்சாவில்
பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்து
இரவெல்லாம் எங்கள் தலையில் கொட்டியது வீடு.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில் கட்டியது.
கடன் போட்டு நாங்கள் வாங்கி ஏழு மாதம்.

இறைச்சிக்குள் குத்திச் சூடு பார்க்கும் கம்பியைப்
பரணில் தொங்கவிட்டு
மறுநாள் மாலை எடுத்து வந்தான் டெல்மர்.
நூற்று நாற்பத்தொன்று.
"கோழி அரைவேக்காடு" என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.
அந்தக் கோடையில் எங்களுக்குள்
தேவைக்குத்தான் பேச்சு:
பால் தீர்ந்தது, குப்பை வண்டி நாளைக்கு.

சனிக்கிழமை, விடிவதற்கு முன்னால்
விசிறிப் பெட்டியோடு ஏறினான்.
வெயில் வந்துவிட்டால் மேலே ஆள் நிற்க முடியாது.
மோட்டுச் சுவரில் வட்டம் போட்டு
வாளை இறக்கினான்.
நூறு வருஷத்துப் பைன் பலகை
நேற்று வெட்டியதுபோல் மணந்தது.
நான் கீழே ஏணியைப் பிடித்திருந்தேன்.
என் காபியில் மரத்தூள் விழுந்தது.
குடித்தேன்.

மதியம், பரணில் சூடு நூற்றைந்தைத் தொட்டதும்
யாரும் தொடாமல் தானே சுழன்றது விசிறி.
டெல்மர் தொப்பியைக் கழற்றினான்,
தேவாலயத்துக்குள் நுழைகிறவன் மாதிரி.

ஒரு வாரம்.
மாடி அறை அப்படியேதான் புழுங்கியது.
மீட்டர் மட்டும் ஓட்டமாய் ஓடியது.
"இது சின்னது, பெரிசா வாங்கணும்" என்றான்.
நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
அறுபது பிள்ளைகள், ஆகஸ்ட் மாதத்துத் தகர வண்டி.
கடைசி ஜன்னலை மட்டும் திறந்தால்
காற்று அசையாது.
முன்னால் ஒன்றைத் திறந்துவிட வேண்டும்.

மெழுகுவர்த்தியை ஊதி அணைத்து
நடைவழி விளக்குக்கு அடியில் பிடித்தேன்.
புகை தயங்கவே இல்லை.
விளக்கைச் சுற்றியிருந்த விரிசலுக்குள்
ஊசிக்காதில் நூல்போல் நுழைந்தது.
காசு கொடுத்து நாங்கள் குளிரவைத்த காற்றை
உறிஞ்சி எடுத்து
ஊருக்கெல்லாம் தானம் செய்துகொண்டிருந்தது விசிறி.
ஓடிப்போய்ப் பார்த்தேன்:
வெந்நீர்க் கொதிகலனின் நீலச் சுடர்
ஒரு பக்கமாய்த் தலை சாய்த்திருந்தது.
குழாயேறிப் போகவேண்டிய புகை
வீட்டுக்குள் திரும்பப் பார்த்தது.
"நிறுத்து!" என்று கத்தினேன்.
நிறுத்தினான். ஏன் என்று கேட்கவில்லை.

மறுநாள் விடியலில்
கூரை தாழ்ந்து தரையைத் தொடுகிற மூலைக்கு
டார்ச்சோடு ஊர்ந்தான்.
நான் வெளியே ஏணியில்.
பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்று
மூக்கை மூடும் முகமூடி.
இறவாணத்து அடிப்பலகையை
நகத்தால் தடவிக்கொண்டே போனேன்.
துளைகள் இருந்தன.
கட்டியவன் மறக்கவில்லை.
வந்தவர் போனவர் எல்லாரும் பூசிய
வெள்ளை, பச்சை, மறுபடி வெள்ளை,
அதன்மேல் பழுத்த வெண்ணெய் நிறம்
ஒவ்வொன்றின் வாயையும் அடைத்திருந்தது.
உள்ளேயிருந்து வேறு யாரோ
கண்ணாடிப் பஞ்சைத் திணித்திருந்தார்கள்.
அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது.
ஒக்லஹோமாவில் ஜனவரியும் உண்டு.

கீழிருந்து நான் குத்த
மேலிருந்து அவன் பஞ்சை இழுக்க
காய்ந்த குளவிக்கூடு ஒன்று
என் தோளில் உடைந்து உதிர்ந்தது.
அப்புறம், காசளவு ஓட்டை ஒன்றில்
அவனுடைய வெளிச்சம்.

"லுவெல்லா?"
"வேற யாரு இருப்பா இங்க?"
"காத்து வருது."
"தெரியுது."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தோம்.
தெருவில் யாரோ நாயை நடத்திப் போனார்கள்.
பிறகு, பலகைக்கு அந்தப் பக்கம்,
முகம் தெரியாத தைரியத்தில்
வேலை போனதைச் சொன்னான்.
மே மாதமே போய்விட்டதாம்.
இத்தனை நாளும் காலையில் சாப்பாட்டுப் பெட்டியோடு கிளம்பி
ஆற்றோரக் கார் நிறுத்தத்தில்
ஜன்னலை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம்.

என் கையில் சுரண்டி இருந்தது.
கீழே புல்லில் பெயிண்ட் சிம்புகள்.

"விசிறி என்ன விலை?" என்றேன்.
சொன்னான்.
"சரி" என்றேன், "அடுத்ததுக்கு நகரு."

இன்னும் பதினேழு இருந்தன.